ஒரே பிழை, மூன்று திருத்தங்கள்

இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இன்டரப்ட் பிழையைத் திருத்துவது ரசிக்கத்தக்க கலை என்று சொன்னால் கணினித் துறையிலேயே பலர் சிரிப்பார்கள். புதிதாகக் கட்டுவதுதான் கலை, ஓட்டையை அடைப்பது கூலி வேலை என்பது அவர்கள் கட்சி. ஆனால் நிரலின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் எழுதியவர் நினைத்த வரிசையில்தான் வேலை நடக்கும். இன்டரப்டில் அந்த வரிசை அவர் கையில் இல்லை. நெட்வொர்க் கார்டோ டச் ஸ்கிரீனோ எந்த இரண்டு வரிகளுக்கு நடுவிலும் புகுந்து கூப்பிடலாம்; அந்தக் கூப்பாடுதான் இன்டரப்ட். நெதர்லாந்தின் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதே எக்ஸ்1 கணினியின் இன்டரப்ட் நிரலைத்தான். இந்த வகைப் பிழை நூறு முறை ஓட்டினாலும் தலைகாட்டாது, நூற்றியோராவது முறை காட்டிவிட்டு மறைந்துவிடும். சோதித்துத் தேற முடியாத இடத்தில் யோசித்துத்தான் தேற வேண்டும். அந்த யோசனையின் தரமே இங்கே ரசனைக்குரியது.

ரிஸ்க்-ஃபைவ் சிப்களில் இருக்கும் பிளிக் என்ற இன்டரப்ட் கன்ட்ரோலர் இதற்கு நல்ல சான்று. சென்னை ஐஐடியின் சக்தி என்ற ரிஸ்க்-ஃபைவ் பிராசஸர் வடிவமைப்புகளிலும் பிளிக் உண்டு. சக்தி சிப் ஒன்றில் 2018இலேயே லினக்ஸ் ஓடியது. கடைமடையான காரைக்காலில் வயலுக்குத் தண்ணீர் ஏற ஆற்று மதகும் திறந்திருக்க வேண்டும், வாய்க்கால் மதகும் திறந்திருக்க வேண்டும். பிளிக்கிலும் இரண்டு மதகுகள். முன்னுரிமை எண் பூஜ்யமாக இருக்கக் கூடாது. எனேபிள் பிட்டும் போட்டிருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் இன்டரப்ட் பிராசஸர் கோருக்குப் போகும். கோர் அதை கிளெய்ம் செய்து, வேலையை முடித்து, 'முடிந்தது' என்று அதன் எண்ணைத் திருப்பி எழுத வேண்டும். எழுதும்வரை அதே இடத்திலிருந்து அடுத்த இன்டரப்ட் வராது. சிக்கல் இங்கேதான். எழுதும் நேரத்தில் எனேபிள் பிட் அணைந்திருந்தால் பிளிக் அந்த எழுத்தைக் கண்டுகொள்ளாது. பிழைச் செய்தியும் தராது. பிளிக்கின் விதிமுறையே அப்படித்தான்.

சில டிரைவர்கள், வேலை முடியும்வரை இன்டரப்டை மூடி வைக்கச் சொல்லிக் கேட்கும். அந்த நாளில் லினக்ஸ் மூடுவதற்கு எனேபிள் பிட்டையே அணைத்தது. விளைவு, முதல் இன்டரப்ட் வந்தது, அடுத்தது வரவேயில்லை. 2021இல் குவோ ரென் கொண்டுவந்த திருத்தம் நேரடியானது: மூடியிருந்தால் திற, 'முடிந்தது' எழுது, மறுபடி மூடு. 2022இல் சாமுவேல் ஹாலண்ட் நேர்த்தியான வழி கண்டார். மூடுவதற்கு எனேபிள் பிட்டைத் தொடவே வேண்டாம், முன்னுரிமையைப் பூஜ்யமாக்கினால் போதும். திறந்து மூடும் அந்த வித்தை தேவையற்றுப் போனதால் அதையும் நீக்கினார்கள். 2024இல் நாம் காவ் என்பவர் அந்த நேர்த்திக்குள் ஒளிந்திருந்த ஓட்டையைக் காட்டினார். ஒரு கோர் இன்டரப்டை கிளெய்ம் செய்துவிட்டது. மற்றக் கோர்கள் குறுக்கிடாதபடி தடுக்கும் பூட்டைக் கெர்னல் இன்னும் எடுக்கவில்லை. அந்த இமைப்பொழுதில் அந்த இன்டரப்ட் முழுவதுமாக டிசேபிள் ஆகி, எனேபிள் பிட்டும் அணைந்துவிட முடியும். அப்போது 'முடிந்தது' வீணாகும். அந்த டிவைஸ் உறைந்து நிற்கும்.

அப்படியானால் 2022இன் நேர்த்தி வெறும் பகட்டா? இல்லை. நாம் காவ் 2021க்குத் திரும்பிப் போகவில்லை. முன்னுரிமையால் மூடும் முறையை அப்படியே வைத்துக்கொண்டு, இன்டரப்ட் டிசேபிள் ஆகியிருக்கும் அரிய நிலைக்கு மட்டும் திறந்து மூடும் வழியைச் சேர்த்தார். முரட்டுத்தனமாகத் தெரிந்த முதல் திருத்தம் இந்த ஓட்டையையும் சேர்த்தே அடைத்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. வரி குறைவதை அழகு என்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். குறைத்த வரி எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பதே கேள்வி. 'முடிந்தது' எழுதும்போது பிட் திறந்திருக்கும் என்ற அனுமானம் ஏறக்குறைய எப்போதும் உண்மை. அந்த 'ஏறக்குறைய'வுக்குள் இருக்கும் கணத்தை இன்னது என்று பெயர் சொல்லிக் காட்டியதுதான் கைத்திறன்.

வன்பொருளை மாற்றினால் இந்தத் தொல்லை இருக்காதே என்பார்கள். உண்மை, ரிஸ்க்-ஃபைவுக்குப் புதிய இன்டரப்ட் அமைப்பு வந்துவிட்டது; அனுப் படேல் எழுதிய அதன் டிரைவர்கள் 2024இல் லினக்ஸில் சேர்ந்தன. ஆனால் கோர்கள் பலவாக இருக்கும்வரை, ஒன்று கையில் எடுத்ததை இன்னொன்று மாற்றும் கணமும் இருக்கும். அது வேறு முகவரியில் குடியேறும், அவ்வளவுதான். சாமானியருக்கு இந்த ரசனை எட்டாது என்ற வாதமும் நிற்காது. மேலே சொன்ன மூன்று திருத்தங்களும், ஒவ்வொன்றுக்கும் எழுதிய காரண விளக்கத்தோடு, லினக்ஸ் மாற்ற வரலாற்றில் திறந்தே கிடக்கின்றன. திருவேட்டக்குடியில் புதுச்சேரி என்.ஐ.டி.யில் படிக்கும் மாணவர், பாடத்தில் இன்டரப்ட் என்றால் என்ன என்று படித்த கையோடு அவற்றைப் படிக்கலாம். முதலில் நிரலை மூடி வைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் படிக்க வேண்டும். எந்தக் கணத்தில் எது கெடுகிறது என்று அதிலேயே விளங்கினால் அது நல்ல திருத்தம். அதைச் சொல்லாமல், 'இப்போது வேலை செய்கிறது' என்று மட்டும் சொன்னால், எத்தனை சுருக்கமாக இருந்தாலும் அதை நம்பக் கூடாது.