ஆட்கொணர்வும் காலக்கெடுவும்

‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்னும் இலத்தீன் தொடர் உடலைக் கொண்டுவரச் சொல்கிறது. தமிழில் அதனை ‘ஆட்கொணர்வு’ என்றாக்கியோர் மூலத்தினும் ஒரு படி உயர்ந்தனர் என்பது நம் துணிபு. உடல் பிணமாகவும் இருக்கலாம். ஆள் என்றாலோ உயிரோடு வந்து நிற்றல் வேண்டும். அரபியில் ‘இஹ்ளார்’ என்னும் சொல்லும் முன்னிலைப்படுத்துதல் என்றே பொருள் தரும்.

இவ்வுரிமைக்குக் காலக்கெடு தகுமா என்பதே ஈண்டு நம் வினா. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், மாநில நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற கைதி கூட்டாட்சி நீதிமன்றத்தை நாட, தீர்ப்பு இறுதியானதிலிருந்து பொதுவாக ஓராண்டே தவணை தருகிறது. நம் நாட்டில் உயர்நீதிமன்றத்தில் இம்மனுவிடுவோர்க்கு அத்தகைய வரையறை இல்லை. அது எத்துணை நன்று என்பதற்குக் கேரளத்தின் ராஜன் வழக்கே சான்று. கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் காவலர் கொண்டுசென்றது 1976 மார்ச் 1. தந்தை ஈச்சர வாரியர் மனுவிட்டதோ 1977 மார்ச் 25. இடையில் ஓராண்டுக்கு மேல் கழிந்தது. தண்டனைக் கைதிக்குரிய அமெரிக்கக் கெடு இவ்வழக்குக்கு அப்படியே பொருந்தாது என்பதை அறிவோம். ஆயினும் இத்தாமதம் யாருடையது? நெருக்கடி நிலையில் இம்மனுவோடு எவரும் வரவியலாதென உச்சநீதிமன்றமே 1976 ஏப்ரல் 28-இல் தீர்ப்பளித்திருந்தது. வாயிலை அடைத்தவரே வந்தவரிடம் நேரமாயிற்று என்பது முறையாகுமா?

இனி நம் கள்ளக்குறிச்சிக்கு வருவோம். கல்வராயன் மலை ஜாகீர்தார் கையிலிருந்து அரசின் கைக்கு வந்ததும் அதே 1976-இல்தான். இன்று அம்மலை மக்கள் அஞ்சும் சட்டம், ‘குண்டர் சட்டம்’ என வழங்கும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம். சாராயம் காய்ச்சுவோரும் அதனுள் அடங்குவர். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நஞ்சு விற்றவர்க்கு நாம் பரிந்துரைக்கவில்லை. அவர்க்கு விசாரணையும் தண்டனையும் உண்டு. இச்சட்டமோ விசாரணையின்றியே ஓராண்டு வரை அடைத்துவைப்பது.

அதன் வாசகத்தில் பாராட்டத்தக்கதும் உண்டு. கெடுக்கள் யாவும் அடைத்தவர்மீதே விழுகின்றன. காரணங்களை 5 நாளில் தெரிவித்தல் வேண்டும். அரசு 12 நாளில் ஒப்புதல் தரவேண்டும். 3 வாரத்தில் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்பவேண்டும். குழு 7 வாரத்தில் அறிக்கை தரவேண்டும்.

குறை வேறிடத்தில் உள்ளது. ஆட்கொணர்வு மனுவை நீதிமன்றம் எத்தனை நாளில் முடிக்கவேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து, சென்னையில் வழக்கறிஞர் தேடி ஒரு மனைவி மனுவிடுகிறாள். மனு வரிசையில் நிற்கிறது. ஓராண்டு முடிந்து கணவன் தானே வீடு திரும்பினால், மனு ‘பயனற்றது’ என முடிக்கப்படும். அடைத்தது முறைதானா என்ற கேள்விக்கு விடையே இராது.

நாம் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ நூலில், பதவியேற்கும் காழி முதலில் நோக்கவேண்டியது சிறையிலிருப்போரையே என்று விதி உண்டு. அங்கே கைதி காழியைத் தேடி வரவேண்டுவதில்லை. காழியே கைதியின் நிலையைக் கேட்டறிகிறார். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்தோர் அரசுக்கு நாட்களையும் வாரங்களையும் எண்ணி எழுதிய அதே பக்கத்தில், நீதிமன்றத்துக்கும் ஓர் எண்ணை எழுதியிருக்கலாம்.