புதிரை வைத்தவர் யார்?

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திர விளையாட்டுகளில் புதிரே வேண்டாம் என்ற குரல் இப்போது வலுத்திருக்கிறது. புதிர் சோதிப்பது ஆட்டக்காரரின் அறிவை, அவர் ஏற்றிருக்கும் மந்திரவாதியின் அறிவை அல்ல. எனவே பகடையை உருட்டி, விடையைச் சொல்லிவிட்டு நகரலாம் என்பது அதன் வாதம். வாள் வீசத் தெரியாதவர் வீரனாக ஆடலாம் என்றால் கணக்கு வராதவர் மந்திரவாதியாக ஆடக்கூடாதா என்று கேட்பதில் நியாயமுண்டு. ஆனால் அந்த வாதம் தாக்குவது ஒரே வகைப் புதிரை: கதையுலகில் எவருக்கும் தேவைப்படாத புதிரை.

அந்த வகை தோன்றியதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு 1974இல் வெளிவந்தது. மறு ஆண்டே ஒரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டுப் போட்டிக்காக, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ சாகசத்தை நடத்தினார். 1978இல் அது நூலானது. போட்டியில் நேரம் குறைவு. எந்த அணி எவ்வளவு தூரம் தாண்டியது என்று அளந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வோர் அறையும் தனித்தனி வினாவாக அமைந்தது. 1980இல் வந்த ‘கோஸ்ட் டவர் ஆஃப் இன்வர்னெஸ்’ நூலிலும் இதுவே கதை: தரையே சதுரங்கப் பலகை, காய்களைப் போல் நகர்ந்து கடக்க வேண்டும். ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ கதையில் வரும் அசெரெராக் என்ற சூனியக்காரன் தன் கல்லறையை எவரும் நெருங்கக்கூடாது என்று கட்டியவன். அவனே நுழைவுத் தரையில் வழிகாட்டும் கவிதையைப் பதித்திருக்கிறான். ஏன்? வலிமையான ஆன்மாக்களை வடிகட்டி எடுக்கத்தான் என்று, அதன் தொடர்ச்சியை எழுதிய புரூஸ் கார்டெல் 1998இல் ஒரு காரணம் சொன்னார். இருபது ஆண்டு தாமதமாக வந்த ஒட்டு அது.

லாரன்ஸ் ஷிக்கின் ‘ஒயிட் ப்ளூம் மவுண்டன்’ (1979) கவர்ச்சியான, ஆனால் பொறுப்பற்ற படைப்பு. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியீட்டாளரான டிஎஸ்ஆர் நிறுவனத்தில் வேலை பெறுவதற்கான மாதிரியாக, கைவசமிருந்த நல்ல யோசனைகளையெல்லாம் அவர் அதில் கொட்டினார். மார்பில் 5, 7, 9, 11, 13 என்ற எண்கள் கொண்ட ஐந்து பூத உருவங்கள் நிற்கின்றன. சேராதது எது என்பது கேள்வி. பகா எண் அல்லாத ஒன்பதே விடை. பூதங்களை எடுத்துவிட்டு இதைப் பள்ளிக் கரும்பலகையில் எழுதினாலும் எதுவும் குறையாது. அடுத்த பல ஆண்டுகளுக்குப் போலிகளுக்கு வழிகாட்டியாக நின்றது இந்நூல்தான்.

அதே 1979இல் ஜெனெல் ஜேக்வேஸ் ‘கேவர்ன்ஸ் ஆஃப் த்ரேசியா’ என்ற சாகச நூலை எழுதினார். கிளைத்தும் வளைந்தும் ஒன்றையொன்று தொடும் வழிகளுக்காக அவருடைய வரைபடங்கள் ஓயாமல் புகழப்படுகின்றன; அந்த வழிகள் தாங்கி நிற்கும் வரலாற்றைப் பற்றிப் பேச்சு குறைவு. ஊர்வன இனத்தார், மனிதர், விலங்குமனிதர் என்று ஒருவர் பின் ஒருவராக அந்தக் குகைகளில் ஆதிக்கம் செலுத்தியிருக்கிறார்கள். முன்னவர் கட்டியதைப் பின்னவர் தம் தேவைக்குத் திருப்பிக்கொண்டார்கள். இங்கே புதிர் என்று எவரும் எதையும் வைக்கவில்லை. கட்டியவர்களுக்கு அன்றாடமாக இருந்தது, அவர்கள் போனபின் வந்தவர்களுக்குப் புதிராகிவிட்டது. இதை அவிழ்க்கப் பள்ளிக் கணக்கு உதவாது. யார் இருந்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதை வணங்கினார்கள் என்று தெரிய வேண்டும். அந்த அறிவை ஆட்டக்காரரும் பாத்திரமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பெறுகிறார்கள். ஆட்டக்காரர் அறிவா, பாத்திர அறிவா என்ற சண்டைக்கே இங்கு வேலையில்லை. 2024இல் மறைந்த ஜேக்வேஸின் பெரிய கொடை இதுவே.

லாரி டிட்டிலியோவும் லின் வில்லிஸும் ‘கால் ஆஃப் கதூலு’ விளையாட்டுக்காக எழுதிய ‘மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லதோதெப்’ (1984) இதே நெறியைக் காகிதத்தில் சாதித்தது. கொலையுண்ட எழுத்தாளர் ஜாக்சன் இலயாஸின் அறையில் கிடைப்பவை கடிதங்கள், ஒரு முகவரிச் சீட்டு, ஷாங்காய் மதுக்கடையொன்றின் தீப்பெட்டி. இவற்றில் ஒன்றுகூடத் துப்பறிவோருக்காகச் செய்யப்பட்டதல்ல. தீப்பெட்டி சிகரெட் பற்றவைக்க அச்சானது. அதனால்தான் அது நம்பத்தக்க தடயம்.

இத்தகைய துப்பறியும் ஆட்டங்களில், பகடையில் தோற்றால் தடயமே கிடைக்காமல் கதை நின்றுபோகும் குறையை ராபின் லாஸ் ‘எசோடெரரிஸ்ட்ஸ்’ விளையாட்டின் மூலம் தீர்த்தார். உரிய திறனுள்ள பாத்திரம் உரிய இடத்தில் தேடினால் தடயம் கைக்கு வந்துவிடும். அதற்குப் பொருள் காண்பது ஆட்டக்காரர் வேலை. பாத்திரத்துக்கும் ஆட்டக்காரருக்கும் உரியதைப் பிரித்துக் கொடுத்த நேர்த்தியான தீர்வு. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிநூலான ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ (2020), புதிர்களுக்குப் பாத்திரத்தின் திறனுக்குப் பகடை உருட்டிக் குறிப்புத் தரச் சொல்கிறது. நல்ல வசதிதான். ஆனால் எந்தச் சாகசத்திலும் செருகலாம் என்று தரப்பட்ட புதிர்களுக்கு எந்த ஊரும் சொந்த ஊர் ஆவதில்லை.

எதிர்முனையில் நிற்கிறது ஜேசன் கார்டோவாவின் ‘பிரிண்டில்வுட் பே’ விளையாட்டு. கொலையாளி யார் என்று அங்கு முன்கூட்டி முடிவாகியிருக்காது. ஆட்டக்காரர்கள் ஏற்கும் துப்பறியும் மூதாட்டிகள் தடயங்களைக் கோத்து ஒரு கருத்தைச் சொல்வார்கள். அது மெய்யா என்று பகடை தீர்மானிக்கும். கூடிக் கதை சொல்லும் இன்பம் அதில் நிறைய உண்டு. ஆனால் கண்டுபிடிக்க அங்கே எதுவும் காத்திருப்பதில்லை. த்ரேசியாவின் குகைக்குள் எவர் போனாலும் போகாவிட்டாலும் அங்கு நடந்தது நடந்ததுதான். ஆட்டக்காரர் தவறாக ஊகிக்க முடிவதும், பிறகு தானே திருத்திக்கொள்ள முடிவதும் அதனால்தான்.