முன்னாள் தலைவரின் கண்டனக் குரல்

ஆட்சிப்பீடத்தினின்றும் இறங்கிய தலைவரொருவர், தமக்குப்பின் வந்த அரசாங்கத்தைப் பகிரங்கமாகக் கண்டிக்கலாமா? அது பண்பன்று என்பார் பலர். பழையவர் வாயடங்காதவிடத்து நாட்டுக்கு இரு எசமானர் உண்டாவர் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை எடைபோடுதற்கு ஏற்ற நூலொன்று உண்டு. தன்சானியாவின் முதற் சனாதிபதி யூலியஸ் நைரேரே சுவாகிலி மொழியில் எழுதி 1994இல் வெளியிட்டது அது. ‘எமது தலைமையும் தன்சானியாவின் எதிர்காலமும்’ என்பது அதன் தலைப்பின் பொருள்.

நைரேரே பள்ளியாசிரியராய் இருந்தவர். ஆசிரியர் எனப் பொருள்படும் ‘முவாலிமு’ என்ற பெயராலேயே மக்கள் அவரை அழைத்தனர். ஷேக்ஸ்பியரின் ‘யூலியஸ் சீசர்’, ‘வெனிஸ் வணிகன்’ ஆகிய நாடகங்களைச் சுவாகிலியிற் பெயர்த்தவரும் அவரே. 1985இல் தாமாகவே சனாதிபதிப் பதவியை விட்டு விலகினார். எனினும், ஆளுங்கட்சியின் தலைமையை 1990வரை தம்மிடமே வைத்திருந்தார். இரு எசமானர் என்ற குற்றச்சாட்டு அவ்வைந்தாண்டுகளுக்குப் பொருந்தும். பதவி யாதுமின்றி அவர் எழுதிய நூலுக்கு அது பொருந்துமா?

தங்கனீக்காவும் சன்சிபாரும் 1964இல் இணைந்ததால் உருவானதே தன்சானியா. சன்சிபாருக்குத் தனி அரசாங்கம் உண்டு, தங்கனீக்காவுக்கு இல்லை. 1993இல் பாராளுமன்ற உறுப்பினர் ஐம்பத்தைவர் தங்கனீக்காவுக்கும் தனி அரசாங்கம் வேண்டினர். அதனை முதலில் எதிர்த்த அரசாங்கம் பின்னர் இணங்கியது. கட்சியின் கொள்கையைக் கட்சியையும் மக்களையும் கேளாது கைவிடுதல் தகுமோ என்பதே நைரேரேயின் வினா. பிரதமர் மலெசேலாவையும் கட்சிச் செயலாளர் கொலிம்பாவையும் அவர் பெயர்சுட்டியே கண்டித்தார்.

நூலின் வன்மை இங்குதான் உளது. தனியறையிற் காதோடு காதாகக் கூறியிருப்பின், அது அதிகாரத்தின் மறைமுகக் கட்டளையாகவே அமைந்திருக்கும். மக்கள் பேசும் மொழியில், காரணங்காட்டி எழுதப்பட்டமையால், அதனை ஏற்கவும் மறுக்கவும் எவர்க்கும் வாய்ப்புண்டாயிற்று. தனி அரசாங்கக் கோரிக்கை 1994இற் கைவிடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் மலெசேலா பிரதமர் பதவியை இழந்தார். முதியவரின் செல்வாக்கு இதில் இல்லையெனல் பேதைமை. ஆனால் அச்செல்வாக்கு வெளிச்சத்தில் நின்று செயற்பட்டது. மறைவிற் செயற்படுவதினும் இது மேலானதன்றோ?

எனினும், நூலைப் போற்றுவதோடு விமர்சகன் அமைந்துவிடலாகாது. நைரேரேக்கு வாய்த்த இப்பேச்சுரிமை அவருடைய ஆட்சியில் யாருக்கு இருந்தது? விசாரணையின்றித் தடுத்துவைக்கும் சட்டம் 1962இற் பிறந்தது. 1964இல் இராணுவக் கலகத்தின்பின் தொழிற்சங்கத் தலைவர் பலர் சிறைப்பட்டனர். சுதந்திரமாயியங்கிய தொழிற்சங்கச் சம்மேளனம் கலைக்கப்பட்டது. 1965இல் ஒரு கட்சி ஆட்சி சட்டமாயிற்று. எழுபதுகளில் விவசாயிகள் பலவந்தமாகவும் புதுக்கிராமங்களிற் குடியேற்றப்பட்டனர். அன்று இவற்றைக் கண்டித்து நூலெழுதத் துணிந்த தொழிலாளிக்கு முவாலிமுவின் பெயரும் புகழும் அரணாக இருக்கவில்லை.

பல கட்சி முறை வேண்டுமென 1990அளவில் வாதாடியவர்களுள் நைரேரேயும் ஒருவர். 1992இல் அது சட்டமுமாயிற்று. இதனை அவருடைய சிறப்பாகவே கொள்ளவேண்டும். ஆயினும் காலந்தாழ்ந்த சிறப்பு.

இடித்துரைப்பாரற்ற மன்னன் பகைவரின்றியுங் கெடுவான் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. மன்னராட்சியில் அவ்விடித்துரை அவையிலிருந்த சான்றோர் சிலரின் கடமையாயிருந்தது. மக்களாட்சியில் அது சிலரின் சலுகையாகச் சுருங்கலாகாது. முன்னாள் தலைவர் பேசட்டும், பகிரங்கமாகவே பேசட்டும். ஆனால், தம் ஆட்சியில் எவருடைய வாய் அடைக்கப்பட்டது என்பதையும் அவர் அதே மேடையிற் கூறல்வேண்டும். அவர் எழுதும் நூலை மக்கள் மதிப்பிடுதற்கு இதனினுஞ் சிறந்த அளவுகோல் வேறில்லை.