வாலில் முடியும் அழகு

ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 என்றால் பலருக்கும் 1964-ல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படம்தான் நினைவுக்கு வரும். படத்தை மறந்துவிட்டுக் காரை மட்டும் பாருங்கள். கட்டியது இங்கிலாந்தின் நியூபோர்ட் பாக்னெலில். மேனியின் வடிவமோ மிலான் நகரத்து டூரிங் நிறுவனம் தந்தது. மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தும் ‘சூப்பர்லெஜ்ஜேரா’ முறை அவர்களுடையது. எடை குறைந்ததும் அதனால்தான், நோய் வந்ததும் அதனால்தான். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். வாங்கப்போகிறவர் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் கதவின் அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

போலந்துக்காரர் டாடெக் மாரெக் உருவாக்கிய 3,995 சிசி, ஆறு சிலிண்டர் இன்ஜின் அதற்கு. இழுவைக்குக் குறைவில்லை, பின்னால் இரண்டு சிறிய இருக்கைகளும் உண்டு. நாள் முழுக்க ஓட்டிப் போக இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் மனம் போவது ஃபெராரி 250 ஜிடி லூஸோவிடம். 1962 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாகி, 1964 வரை சுமார் 350 மட்டுமே உருவான கார். வரைந்தது பினின்ஃபரினா, மேனியைத் தட்டி உருவாக்கியது ஸ்காலியெட்டி பட்டறை. மேனி பெரும்பாலும் எஃகு. கதவும் பானெட்டும் டிக்கி மூடியும் அலுமினியம். உள்ளே 2,953 சிசி வி12. ஒரு சிலிண்டரின் அளவு 250 சிசியை ஒட்டி வருவதால்தான் பெயரில் அந்த எண். கியர் நான்குதான், அது ஒரு குறையே. வேகமானியும் சுற்றுமானியும் டேஷ்போர்டின் நடுவில், ஓட்டுபவர் பக்கம் லேசாகத் திரும்பி நிற்கும். பக்கத்தில் இருப்பவரும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம்!

லூஸோவைப் பின்பக்கமாக நின்று பார்க்க வேண்டும். கூரையைத் தாங்கும் தூண்கள் அவ்வளவு மெலிசு. கூரை கண்ணாடிமேல் மிதப்பதுபோல் இருக்கும். அங்கிருந்து இறங்கி வரும் கோடு எங்கும் தடுக்காமல் வந்து, கடைசியில் சட்டென்று வெட்டுப்பட்டு மேல்நோக்கிச் சற்றே எழும். அந்த வெட்டில், இரு ஓரத்திலும் ஒவ்வொரு வட்டச் சிவப்பு விளக்கு. வேறு அலங்காரம் எதுவும் அங்கே இல்லை.