சங்கும் யானையும்: திருவிதாங்கூர் இலச்சினையின் தொடரமைப்பு

0. முன்னுரை

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையை அடுத்த பழவங்காடியில் யானை உருவம் மூவகைப் பொருளில் வழங்குகின்றது. அங்குள்ள கணபதி கோயிலில் அது இறைவனின் திருமுகம். அக்கோயிலைப் பேணிவரும் இந்தியத் தரைப்படையின் மதராஸ் படைப்பிரிவுக்கு அது கேடயத்தின்மேல் நிற்கும் பொறி; 1803ஆம் ஆண்டு நிகழ்ந்த அசாயிப் போரின் நினைவு. அருகிலுள்ள கோட்டைக்குள்ளிருந்து ஆண்ட திருவிதாங்கூர் அரசின் இலச்சினையிலோ அது சங்கின் இருமருங்கும் நிற்கும் துணையுரு. உருவம் ஒன்றாயினும், நிற்கும் இடத்தால் பொருள் வேறுபடுகின்றது. ஒரே சொல் ஒரு தொடரில் எழுவாயாகவும் பிறிதொரு தொடரில் அடையாகவும் வருவதை இஃது ஒக்கும்.

இலச்சினைகளைத் தமிழில் விளக்குவோர் பெரும்பாலும் உருவங்களை எண்ணிக் கூறுவதோடு அமைகின்றனர். 'இரு யானைகளும் ஒரு சங்கும்' என்பது சொற்பட்டியலேயன்றித் தொடர் விளக்கம் ஆகாது. இக்குறையும், இலச்சினையிலுள்ள முதுமொழியைத் தமிழாக்குவதில் எழும் சிக்கலும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

1. தலைமையும் துணைமையும்

ஐரோப்பிய இலச்சினைக் கலையில் உருவங்களைக் கூறுவதற்கு வரன்முறை உண்டு. கேடயத்தின் நிறம் முதலிலும் அதன்மேல் அமைந்த பொறி அடுத்தும் கூறப்படும். இருபுறத் தாங்கிகளும் முதுமொழியும் பின்னர் வரும். ஆங்கிலத்தில் இத்துறைக்குரிய நிறப்பெயர்கள் பல இன்றும் பழம் பிரெஞ்சுச் சொற்களே. நிறத்தைக் குறிக்கும் அடை பெயருக்குப் பின்னரே நிற்கும். தமிழிலோ அடை முன்னும் தலைமைப் பெயர் பின்னும் வரும். ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் தலைமை எது, துணை எது என்பது மயங்கும்.

இடத்தால் பொருளுணர்த்தும் முறை தமிழ் மரபிற்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலி தலைமையிடம் பெறுகின்றது. பாண்டியர்க்குரிய இணைக்கயலும் சேரர்க்குரிய வில்லும் அதனைச் சார்ந்து நிற்கின்றன. மூன்றையும் 'உம்' கொடுத்து எண்ணினால் மூவேந்தரும் நிகர் எனப் பொருள்பட்டுவிடும். முத்திரை உணர்த்துவதோ சோழர் மேலாண்மை.

திருவிதாங்கூர் இலச்சினையில் தலைமை எதற்கு என்பதை நீக்கிப் பார்த்து அறியலாம். 1888இல் வெளியான அவ்வரசின் முதல் அஞ்சல் தலைகளில் சங்கு மட்டுமே உள்ளது. வெள்ளி அரை ரூபாய் நாணயத்திலும் யானைகள் இன்றிச் சங்கே இடம்பெறுகின்றது. யானைகளை நீக்கியும் அரசின் அடையாளம் குன்றவில்லையாதலின், சங்கே தலைமை, யானைகள் அடை என்பது புலனாகும்.

2. 'குலம்' என்னும் சொல்

இச்சங்கு திருமாலுக்கு உரியது. 1750ஆம் ஆண்டு மார்த்தாண்ட வர்மர் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்தபின் அரசர்கள் 'பத்மநாபதாசர்' என்னும் பட்டம் பூண்டனர். ஐரோப்பாவில் பொறி பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் உடைமை. திருவிதாங்கூரிலோ மருமக்கள்தாய முறைப்படி அரசுரிமை உடன்பிறந்தாள் மகனுக்குச் சென்றது. ஆகவே இவ்விலச்சினையைக் 'குலச்சின்னம்' எனும்போது, அக்குலம் தாய்வழியது என்பதையும், சின்னம் குலத்தின் ஆக்கமன்றி இறைவனின் படைக்கலத்திலிருந்து பெற்றது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

3. எம்மா? நம்மா?

இலச்சினையின் முதுமொழி 'தர்மோஸ்மத் குலதைவதம்' என்னும் வடமொழித் தொடர். வினைமுற்று இல்லாத இதனை, பெயர்ப் பயனிலையை இயல்பாக ஏற்கும் தமிழில் பெயர்ப்பது எளிது. சிக்கல் 'அஸ்மத்' என்பதில் உள்ளது. இது தன்மைப் பன்மை. ஒருமையாயின் 'மத்' என வந்திருக்கும். ஆங்கிலேய அரச இலச்சினையின் பிரெஞ்சு முதுமொழி 'கடவுளும் என் உரிமையும்' எனப் பொருள்படும். அங்கே ஒருமை, இங்கே பன்மை.

வடமொழிப் பன்மை கேட்போரை உளப்படுத்துகிறதா என்பதைக் காட்டாது. தமிழ் காட்டியே தீரும். 'அறமே எம் குலதெய்வம்' எனின் அரச குலம் மட்டும் பேசுகின்றது, குடிகள் கேட்போர். 'அறமே நம் குலதெய்வம்' எனின் குடிகளும் அக்குலத்தில் அடங்குவர். மலையாளத்திலும் இவ்வேறுபாடு உண்டு. எனினும் மன்னர் தம்மையே 'நாம்' எனக் குறிக்கும் வழக்கு அங்கிருப்பதால், 'நம்' என்பதை ஒருவர் கூற்றாகக் கொள்ளவும் இடமுண்டு. தமிழ்ப் பெயர்ப்பில் இம்மறைவு கிட்டாது.

ஓசை நயம் கருதி 'நம்' எனப் பெயர்ப்பது வரலாற்றோடு முரணும். 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியாகும்வரை, அரசின் கட்டுப்பாட்டிலிருந்த கோயில்களில் நுழையும் உரிமை குடிகளுள் பெருந்தொகையினர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. சங்கிற்குரிய தெய்வத்தின் வாயிலுக்குள் புகவியலாதவரை 'நம்' என்பதில் உளப்படுத்துவது, இல்லாத உறவை இலக்கணத்தால் படைப்பதாகும். எனவே 'எம்' என்பதே பொருந்தும்.

4. முடிவுரை

கேரள அரசின் இன்றைய இலச்சினையில் யானைகளும் சங்கும் நிலைத்துள்ளன. அசோகரின் சிங்கத் தூண்தலையும் சேர்ந்துள்ளது. திருவிதாங்கூரின் முதுமொழி இடம்பெறவில்லை. அண்டை மாநிலமான தமிழ்நாட்டின் இலச்சினையிலுள்ள 'வாய்மையே வெல்லும்' என்பதும் தன்மைப் பெயர் அற்ற தொடரே. மன்னராட்சி மக்களாட்சியானபோது உருவங்கள் மாறாதிருக்க, 'அஸ்மத்' என்னும் ஒரு சொல்லே நீங்கவேண்டியதாயிற்று எனலாம். குடிகளை விலக்கிய பன்மை குடியாட்சிக்குப் பொருந்தாது. உருவங்களை எண்ணுவதோடு அமையும் விளக்கத்திற்கு இம்மாற்றம் புலப்படாது. தொடராக வைத்து நோக்கும் ஆய்வுக்கே அது புலப்படும்.