அளவுகோலும் தீர்ப்பும்

உளவியல் தேர்வு ஒன்றை மதிப்பிடுவோர் இரண்டு வினாக்களை எழுப்புவர். ஒருவரை மீண்டும் அளந்தாலும் அதே விடை கிடைக்கிறதா என்பது முதல் வினா, இது நம்பகத்தன்மை. அளப்பதாகச் சொல்லும் பொருளைத்தான் அத்தேர்வு அளக்கிறதா என்பது இரண்டாவது, இது ஏற்புடைமை. முன்னது இருப்பதாலேயே பின்னதும் இருப்பதாகக் கொள்வது பெரும்பிழை. அப்பிழை எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு அமெரிக்க இராணுவத் தேர்வுகளின் வரலாறே போதிய சான்று.

1905இல் ஆல்ஃபிரட் பினேயும் தியடோர் சிமோனும் பாரிஸில் உருவாக்கிய அளவுகோலின் நோக்கம் எளியது: பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவது. அறிவு பிறப்பிலேயே உறைந்துவிட்ட ஓர் அளவு என்று பினே கருதவில்லை. ஆனால், 1917இல் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் ‘ஆல்ஃபா’, ‘பீட்டா’ எனும் தேர்வுகளைப் படைவீரர்களுக்கென அமைத்தோர், இயல்பறிவையே அளப்பதாகக் கூறினர். ஏறத்தாழ 17 இலட்சம் பேர் அவற்றை எழுதினர். ஆங்கிலம் படிக்கத் தெரியாதோருக்கான பீட்டாவில், டென்னிஸ் ஆடுகளப் படத்தில் விடுபட்ட வலையை வரைந்து நிரப்ப வேண்டும். அவ்வாட்டத்தையே கண்டிராத இத்தாலியக் குடியானவர் ஒருவர் இதில் தவறினால், குறைவுபட்டது அவருடைய அறிவா, பழக்கமா?

1923இல் கார்ல் பிரிகாம் இம்மதிப்பெண்களை ஆராய்ந்து நூல் எழுதினார். குடியேறியோருள் நெடுங்காலம் அமெரிக்காவில் வாழ்ந்தவர்களே கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தனர். தேர்வு அளந்தது அந்நாட்டுப் பழக்கத்தையே என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை. அவரோ, பின்னர் வந்தோர் இனத்தால் தாழ்ந்தோர் என முடிவு கட்டினார். தென், கிழக்கு ஐரோப்பியரின் வருகையைக் கடுமையாகக் குறைத்த 1924ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இத்தேர்வுகளே காரணம் என்பது மிகை. ஆயினும், அன்றைய இனக்காழ்ப்புக்கு அவை அறிவியல் போர்வை அளித்தன என்பதை மறுப்பதற்கில்லை.

1930இல் பிரிகாமே தம் ஆய்வு அடிப்படையற்றது என ஒப்புக்கொண்டார். அந்நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால், சட்டம் விதித்த நாட்டுவாரி ஒதுக்கீடு 1965 வரை நீங்கவில்லை.

எனவே, ‘இத்தேர்வு ஏற்புடையதா?’ என்று பொதுப்படக் கேட்பது போதாது. யாருக்கு, எந்த நோக்கத்துக்கு, எந்த முடிவுக்கு என்று கேட்பதே முறை. ஏற்புடைமை வினாத்தாளில் உறைவதன்று. மதிப்பெண்ணைக் கொண்டு நாம் செய்யும் முடிவுக்கே அது உரியது. ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும் நம்மைப் போன்ற ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். எண்ணை எழுதுவது எளிது. அவ்வெண் ஒரு மனிதரைப் பற்றி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று அறிந்து தீர்ப்பளிப்பதே அரிது.