மறுபடியும் வர வேண்டிய குழந்தை

குழந்தைகள் வார்டுகளுக்கு வண்ணம் பூசும் காலம் இது. சுவரெங்கும் யானை, முயல், சோட்டா பீம். ஊசி போடும் மேசைக்கு மேலே பலூன். சில பெரிய மருத்துவமனைகளில் குழந்தை பொம்மைக் காரில் உட்கார்ந்தபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறது. தாய் வாசலில் நின்று கையசைக்கிறாள். இந்தப் படங்கள் கைப்பேசிகளில் சுற்றி வருகின்றன. “ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பதே குழந்தைக்குத் தெரியவில்லை” என்று பார்ப்பவர்கள் மெச்சுகிறார்கள். அந்த மெச்சலோடுதான் எனக்குச் சண்டை. ஒரே ஒரு தடவை வந்து போகும் குழந்தைக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஆறாவது தடவையும் பத்தாவது தடவையும் வரவேண்டிய குழந்தைக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் ஏலத்தோட்டக் கூலியை நம்பி வாழும் ஒரு குடும்பம், பிள்ளையின் இதய ஓட்டையை அடைக்க நிலத்தையோ நகையையோ விற்கவேண்டிய நிலை இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீடு 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2013 முதல் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் நேரில் வந்து, பிளந்த உதட்டையும் வளைந்த பாதத்தையும் இதயக் கோளாற்றையும் கண்டுபிடித்து அனுப்பிவைக்கிறது. நம் வார்டுகளில் தாய் பிள்ளையின் கட்டிலிலேயே படுத்துக்கொள்கிறாள். இங்கிலாந்தில் இதற்குப் போராட வேண்டியிருந்தது. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் 8 நாள் பெற்றோரைப் பிரிந்து கிடந்த 2 வயதுச் சிறுமியைப் படமெடுத்துக் காட்டினார். 1959இல், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை வந்த பிறகுதான் பெற்றோருக்குக் கதவு மெல்லத் திறந்தது. வண்ணச் சுவரும் குழந்தைக்குக் கைப்பேசியில் காட்டும் கார்ட்டூன் படமும்கூட வெறும் அலங்காரம் அல்ல. மயக்கம் கொடுக்கும் நேரத்தில் பிடித்த படத்தைக் காட்டினால் பயம் குறையக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இவையெல்லாம் இருக்கட்டும்.

என் மறுப்பு ஒன்றே ஒன்று. நாம் குழந்தையிடம் பொய் சொல்லி அழைத்துப்போகிறோம். அந்தப் பொய்க்குத்தான் இப்போது வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நம் வீடுகளில் குழந்தைக்கு நாம் தெரிந்தே வலி தரும் சடங்கு காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்து, வாயில் சர்க்கரையோ வாழைப்பழமோ கொடுத்து, சுற்றி நின்று ஆரவாரம் செய்து, அது திரும்பிப் பார்ப்பதற்குள் ஆசாரி குத்திவிடுவார். பிள்ளை வீறிட்டு அழும். மடி இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, அரை மணி நேரத்தில் மாமன் வாங்கித் தந்த பொம்மையோடு விளையாடப் போய்விடும். கவனத்தைத் திருப்பு, சட்டென்று முடி, மறக்கவிடு: தலைமுறைகளாக நாம் கற்றுவைத்திருக்கும் வித்தை இது. அங்கே பலிக்கவும் செய்கிறது, ஏனென்றால் காது ஒருமுறைதான் குத்தப்படுகிறது. ஏமாற்றப்பட்ட பிள்ளை அந்த ஆசாரியிடம் திரும்ப வரப்போவதில்லை.

மறுபடி மறுபடி மருத்துவமனைக்கு வரும் குழந்தை நம் முன்னோருக்கு அதிகம் பழக்கமில்லாதது. இரண்டு தலைமுறைக்கு முன் ரத்தப் புற்று கண்ட குழந்தை பிழைத்தது அரிது; இதயக் குறையோடு பிறந்தவற்றில் பலவும் போய்ச் சேர்ந்தன. இன்று அவை பிழைக்கின்றன, ஆனால் ஒரே நாளில் பிழைப்பதில்லை. ரத்தப் புற்றுக்கு 2 முதல் 3 ஆண்டுகள் சிகிச்சை. அதற்குள் முதுகுத்தண்டில் பலமுறை ஊசி ஏற்றுவார்கள். உதடும் அண்ணமும் பிளந்த குழந்தைக்கு உதட்டைக் கைக்குழந்தைப் பருவத்திலும் அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் தைத்த பிறகும், பள்ளிப் பருவத்தில் மேல் ஈறில் எலும்பு வைக்கும் அறுவை காத்திருக்கிறது. வளைந்த பாதத்துக்கு வாரம் ஒரு மாவுக்கட்டு என்று ஐந்தாறு கட்டு. பெரும்பாலும் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு. அப்புறம் நான்கைந்து வயது வரை இரவில் பட்டை போட்ட செருப்பு. கண்ணில் புற்று வந்த குழந்தையைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மயக்கத்தில் ஆழ்த்தித்தான் கண்ணைச் சோதிக்க முடியும். பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டால் உத்தமபாளையம், சின்னமனூர், தேனி கடந்து க.விலக்கு அரசு மருத்துவமனை வரையாவது வரவேண்டும்; பெரிய சிகிச்சை என்றால் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி தாண்டி மதுரை. அத்தனை தடவையும் அதே பஸ், அதே வழி, அதே வாசல். இந்தக் குழந்தைக்குப் போய் நாம் காதுகுத்து வித்தையைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

“மாமா வீட்டுக்குப் போறோம்யா” என்று சொல்லிப் பஸ் ஏற்றுகிறோம். “ஊசியெல்லாம் இல்ல சாமி, டாக்டர் சும்மா பாத்துட்டு அனுப்பிருவாரு” என்று வரிசையில் உட்கார வைக்கிறோம். உள்ளே போனதும் “எறும்பு கடிக்கிற மாதிரிதான் பாப்பா” என்கிறார் நர்ஸ். “அம்மா இங்கனதான் இருக்கேன்” என்று தியேட்டர் வாசலில் சொல்லிவிட்டு, பிள்ளை திரும்பியதும் தாய் மறைந்துகொள்கிறாள். மறைந்துகொள்ளுமாறு அவளிடம் சொல்லியும் இருப்பார்கள். முதல் தடவை இது பலிக்கும். இரண்டாம் தடவை பாதி பலிக்கும். மூன்றாம் தடவை பிள்ளை உண்மையிலேயே மாமா வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் ஏற மறுக்கும். வெள்ளைக் கோட்டைக் கண்டு அழுத குழந்தை, இப்போது தாயின் முந்தானையில் இருக்கும்போதே அழுகிறது. அதற்கு எது உண்மை என்று சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. வலி முடிந்த பிறகு ஒடுங்கிக்கொள்ள எந்த மடி வேண்டுமோ, அந்த மடியின் மீதான நம்பிக்கையைச் செலவழித்துத்தான் இரண்டு நிமிட அமைதியை வாங்குகிறோம்.

இதற்கு மேலே வீட்டில் வேறு ஒரு பாடம் நடக்கிறது. “சாப்பிடலன்னா ஊசி போடச் சொல்லிருவேன்” என்று மிரட்டாத வீடு நம்மிடம் குறைவு. வீட்டில் ஊசி தண்டனை. ஆஸ்பத்திரியில் ஊசியே கிடையாது. ஆனால் ஊசி குத்தத்தான் செய்கிறது. நான்கு வயதுப் பிள்ளை இதிலிருந்து என்ன முடிவுக்கு வரும்? தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம், அதனால்தான் அம்மாவும் சேர்ந்து பிடித்துக்கொடுத்துவிட்டாள் என்பதுதான். அந்த வயதில் நோயையே தண்டனையாக எடுத்துக்கொள்வது குழந்தைகளுக்கு இயல்பு. வேறு காரணத்தை நாம் சொல்லாதபோது அதற்குக் கிடைப்பது அந்த ஒரு காரணம்தான்.

“குழந்தைக்கு என்ன தெரியும், ரெண்டு நாளில் மறந்துடும்” என்பது இந்தப் பழக்கத்தைக் காப்பவர்களின் முதல் வாதம். இதே வாதத்தை மருத்துவம் ஒருமுறை சொல்லித் தோற்றிருக்கிறது. பச்சிளங்குழந்தைகளுக்கு வலி சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்று நம்பி, 1980கள் வரை போதிய வலிநீக்கி இல்லாமலே அவற்றுக்கு அறுவை செய்தார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கே.ஜே.எஸ். ஆனந்தும் அவரது குழுவினரும், சக்திவாய்ந்த வலிநீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவையின் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கியதையும் சிக்கல்கள் குறைந்ததையும் 1987இல் காட்டினார்கள். வாயால் சொல்லத் தெரியாதது உடம்புக்குத் தெரிந்திருந்தது.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு. புற்றுநோய்க் குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை எடுக்கும்போதும் முதுகில் ஊசி ஏற்றும்போதும் ஒரு பிரிவுக்கு நிஜ வலிநீக்கியும் மறுபிரிவுக்கு வெறும் போலி மருந்தும் தரப்பட்டன. அடுத்தடுத்த தடவைகளில் எல்லாருக்குமே நிஜ மருந்து. ஆனாலும் முதல் தடவை போலி மருந்து பெற்றிருந்த, 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் பின்னாலும் அதிகமாக வலித்ததாகவே சொன்னார்கள். சிறிய ஆய்வுதான். பொய்யை அது அளக்கவும் இல்லை, வலியைத்தான் அளந்தது. ஆனால் திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் புதுத் தடவை அல்ல, முந்தைய தடவையின் தொடர்ச்சி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வண்ணச் சுவருக்கும் பொம்மைக் காருக்கும் ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் அந்த ஒரு காலை நேரத்துப் பயத்தையே அளக்கின்றன. ஐந்தாவது தடவை அந்தக் காரைக் கண்டதும் பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தானே நாம் கேட்க வேண்டும்?

இரண்டாவது வாதம் கொஞ்சம் வலுவானது: முன்கூட்டிச் சொன்னால் குழந்தை முன்கூட்டியே பயப்படும். ஒரு வாரத்துக்கு முன் மூன்று வயதுப் பிள்ளையிடம் சொன்னால் பயப்படத்தான் செய்யும். அந்த வயதுப் பிள்ளைக்கு முந்தின நாளோ அன்று காலையோ சொன்னால் போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சில நாள் முன்னால் சொல்லலாம். அளவாகச் சொல்வது வேறு, இல்லை என்று சொல்வது வேறு. “இன்னைக்கு ஊசி உண்டு. வலிக்கும். நீ பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். அழலாம், கையை மட்டும் ஆட்டக் கூடாது. அப்புறம் தூங்கிருவ; நீ முழிக்கும்போது நான் பக்கத்துல இருப்பேன்.” இவ்வளவுதான் தேவை. இதில் கடைசி வாக்கியத்தைச் சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் பலர் சொல்லத் தயங்குகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

தாயைத் தியேட்டர் வரை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதையும் நான் அப்படியே ஏற்கவில்லை. மயக்கம் கொடுக்கும்போது பெற்றோர் வெறுமனே பக்கத்தில் இருப்பதால் குழந்தையின் பதற்றம் குறைவதில்லை என்று 2015இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. தானே நடுங்கிக்கொண்டு நிற்கும் தாய் என்ன செய்வாள்? ஆனால் ஸீவ் கெயின் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முகமூடியை முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, குழந்தை அதை முகத்தில் வைத்து விளையாடிப் பழகவிட்டு, என்ன பேசுவது என்று பெற்றோருக்கும் சொல்லிக்கொடுத்த பிறகு, பதற்றம் குறைந்தது; அறுவைக்குப் பிந்தைய வலிநீக்கியும் குறைவாகவே தேவைப்பட்டது. தாய் நிற்கும் இடத்தைவிட, தாயும் பிள்ளையும் என்ன தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்பது பெரிது. நம் ஊரில் தாய்க்கே யாரும் எதுவும் சொல்வதில்லை. கையெழுத்து வாங்கும்போது சொல்வதுதான் மொத்தமும். தனக்கே தெரியாததை அவள் பிள்ளைக்கு எப்படிச் சொல்வாள்? பொய் சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி விடப்படவில்லை. அதனால் இந்தக் குற்றத்தைத் தாய்மார் மீது சுமத்த மாட்டேன்.

“கூட்டம் அதிகம், இதற்கெல்லாம் நேரமில்லை” என்பது கடைசி வாதம். நேரக் கணக்கையே போடுவோம். நான்கு பேர் சேர்ந்து கை கால்களை அமுக்கிப் பிடித்தும், துள்ளும் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்திப்பார்க்கும் நேரம் எந்தக் கணக்கில் வருகிறது? மிரண்ட பிள்ளையைக் கூட்டிவர முடியாமல் தவணை தவறி, விட்டுப்போன பட்டைச் செருப்பால் பாதம் மறுபடி வளைந்து, திரும்ப முதலிலிருந்து மாவுக்கட்டு போடும் வாரங்கள்? முகமூடிக்குச் செலவு சொற்பம். கையில் ஊசிக்குழாய் ஒட்டிய ஒரு துணிப்பொம்மையும் தையல் போட்ட ஒரு துணிப்பொம்மையும் எந்தத் தையல்காரரும் ஒரு மணி நேரத்தில் செய்து தருவார். சொல்லிக்கொடுக்க அங்கன்வாடி ஆசிரியையும் கிராம சுகாதாரச் செவிலியரும் ஊரிலேயே இருக்கிறார்கள். பிள்ளைக்கு அவர்களைத் தெரியும். சுவருக்குச் செலவழிக்கும் நன்கொடையாளர் இதற்குத் தர மாட்டார், ஏனென்றால் இதில் பெயரை எழுதிவைக்கச் சுவர் கிடையாது. கடுமையாகப் பேசுகிறேன் என்றால் இருக்கட்டும். யானைப் படத்துக்குக் கீழே நான்கு பேர் ஒரு குழந்தையை அமுக்கிப் பிடித்திருக்கும்போது, யானையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முடியாததையும் நான் கேட்கவில்லை. பிரசவ அறைக்குள் ஒரு துணையாள் வரலாம் என்று 2004லேயே வழிவிட்ட மாநிலம் தமிழ்நாடு. அதற்கு முன் அதுவும் முடியாத காரியமாகத்தான் இருந்தது. இப்போது வேண்டியது ஒரு விதி. இரண்டாவது தடவை வரப்போகும் ஒவ்வொரு குழந்தைக்கும், முதல் தடவை முடிந்து வீடு திரும்பும் முன், அடுத்த தடவை என்ன நடக்கும், எது வலிக்கும், யார் கூட இருப்பார்கள் என்று தாயிடமும் பிள்ளையிடமும் சொல்லி, சொன்னதாகக் காப்பீட்டுப் படிவத்திலேயே குறிக்க வேண்டும். அறுவைக்குப் பணம் தரும் அரசு, இந்தக் குறிப்பு இல்லாத படிவத்தைத் திருப்பி அனுப்பட்டும். சுவருக்கு வண்ணம் அதற்குப் பிறகு பூசிக்கொள்ளலாம்.